ரிசப்ஷனில் ஆள் இல்லாத ஹோட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கும் ஹோட்டல்களில் செக்-இன் மெஷின், போனில் திறக்கும் கதவு, டவல் கொண்டு வரும் ரோபோ என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. பயணம் போகிறவர்களும் லாட்ஜ் நடத்துகிறவர்களும் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள். மெஷின் வேண்டாம் என்பவன் இல்லை நான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் யார் வருவார் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அந்தச் சாய்வு பதில்களில் தெரியும்.

இதெல்லாம் கொரோனாவுக்குப் பிறகு வந்ததுதானே?

இல்லை, நாற்பது வருடக் கதை. பிரான்சில் 1985-ல் தொடங்கிய ஃபார்முல் 1 என்ற மலிவு விலை ஹோட்டல்களில், ராத்திரி ரிசப்ஷனை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். வாசலில் ஒரு மெஷின் இருக்கும். அதில் கிரெடிட் கார்டைச் செருகினால் அறை கிடைக்கும். குளியலறையும் கழிவறையும் பொது. ஒருவர் வெளியே வந்ததும் அது தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக் களைத்து வருகிறவருக்குக் குறைந்த விலையில் ஒரு கட்டில் போதும். வரவேற்பை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை.

பெரிய மாற்றம், கொஞ்சம் காசு கொடுத்துத் தங்குகிற இடங்களுக்கும் மெஷின் வந்ததுதான். 2008-ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம் அருகே சிட்டிசன்எம் தன் முதல் ஹோட்டலைத் திறந்தபோது, வழக்கமான ரிசப்ஷன் மேஜைக்குப் பதில் செக்-இன் மெஷின்களை வைத்தது. ஆனால் பக்கத்திலேயே ஓர் ஊழியர் நிற்பார். நீங்கள் தடுமாறினால் வந்து உதவுவார். என் பார்வையில் இதுவரை வந்தவற்றில் இந்த ஏற்பாடுதான் நன்றாக ஓடுகிறது.

ஜப்பானில் ரோபோக்களே நடத்திய ஹோட்டல் என்ன ஆயிற்று?

நாகசாகி மாகாணத்தில் ஹுயிஸ் டென் போஷ் என்ற கேளிக்கைப் பூங்காவில், 2015 ஜூலையில் ஹென் நா ஹோட்டல் திறக்கப்பட்டது. ரோபோக்களை ஊழியர்களாகக் கொண்ட உலகின் முதல் ஹோட்டல் என்று கின்னஸ் சான்றிதழும் வாங்கியது. ரிசப்ஷனில் தொப்பி போட்ட டைனோசர் ஒன்று, பெண் உருவ ரோபோ ஒன்று. பெட்டிகளை வாங்கி அடுக்கி வைக்கத் தொழிற்சாலையில் இருப்பது போன்ற ஒரு பெரிய இயந்திரக் கை. அறைக் கதவு முகத்தைப் பார்த்துத் திறக்கும். ஒரு கட்டத்தில் ரோபோக்களின் எண்ணிக்கை 243.

2019 தொடக்கத்தில் பாதிக்கு மேல் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணங்கள் எல்லாமே சின்னச் சின்னவை, அதனால்தான் சுவாரசியமானவை. கட்டிலுக்குப் பக்கத்தில் சூரி என்ற பொம்மை உதவியாளர் இருந்தது. ஒரு விருந்தினர் குறட்டை விட, அதைக் கட்டளை என்று நினைத்து, ‘மன்னிக்கவும், புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்’ என்று ராத்திரி முழுக்க அவரை எழுப்பிக்கொண்டே இருந்தது. பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டாலோ அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. பெட்டி தூக்கும் ரோபோக்கள் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளில் இரண்டு டஜன் அறைகள் வரைக்குமே போக முடிந்தது. மழையோ பனியோ பெய்தால் அதுவும் இல்லை. எதிரெதிரே இரண்டு வந்தால் வழி விடத் தெரியாமல் நின்றுவிடும். டைனோசருக்கு ஜப்பானிய மொழி வரும், ஆங்கிலம் வரும், பாஸ்போர்ட்டை நகல் எடுக்க வராது. வெளிநாட்டுக்காரர் வந்தால் உள்ளே இருந்து ஒரு மனிதர் எழுந்து வந்து நகல் எடுத்தார்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ரோபோக்களைச் சரிபார்க்க ஊழியர்கள் கூடுதல் நேரம் வேலை பார்க்க வேண்டியிருந்தது. ஆளைக் குறைக்கக் கொண்டுவந்த பொருளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது.

அப்படியானால் அந்தப் பரிசோதனை தோல்விதானா?

அப்படிச் சொல்ல மாட்டேன். ஹென் நா பிறகு ஜப்பானின் பல ஊர்களில் கிளை திறந்தது. சில கிளைகளில் டைனோசரும் இருக்கிறது, ஆனால் அதன் முன்னால் உள்ள செக்-இன் மெஷின்தான் வேலையைச் செய்கிறது. வேடிக்கைக்கு வைத்தது வேடிக்கையாகவே நின்றது, வேலைக்கு வைத்தது ஓடுகிறது.

ஜப்பான் அரசு இதைக் கையாண்ட விதத்தையும் பார்க்க வேண்டும். ரிசப்ஷன் மேஜை கட்டாயம் என்ற விதியை 2018-ல் தளர்த்தினார்கள். கேமரா, வீடியோ அழைப்பு போன்ற வசதிகளால் விருந்தினரை அடையாளம் காண முடிந்தால் மேஜை தேவையில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: அவசரம் என்று அழைத்தால், வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் ஒரு மனிதர் அங்கே வந்து நிற்கும்படி ஏற்பாடு இருக்க வேண்டும். எங்கே மெஷின் போதும், எங்கே போதாது என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மதியம் 12 மணிக்குப் போனால் மெஷின் ‘அறை தயாராக இல்லை’ என்கிறது. ரிசப்ஷனில் ஆள் இருந்தால் உடனே சாவி கொடுத்துவிடுகிறாரே, எப்படி?

மெஷின் பார்ப்பது ஹோட்டலின் கணினியில் அந்த அறைக்கு எதிரே உள்ள ஒரு குறியை மட்டும். அறையைச் சுத்தம் செய்தாயிற்று, சூப்பர்வைசர் பார்த்து ‘சரி’ போட்டாயிற்று என்று பதிவானால்தான் சாவி தரும். சூப்பர்வைசர் மூன்றாவது மாடியில் இருக்கிறார், உங்கள் அறை ஐந்தாவது மாடியில் என்றால், அறை பளபளவென்று தயாராக இருந்தாலும் கணினிக்குத் தெரியாது.

மேஜையில் இருக்கிற ஆள் என்ன செய்வார்? ஹவுஸ்கீப்பிங்குக்கு ஒரு போன் போடுவார். ‘அண்ணே, 507 முடிஞ்சிருச்சா?’ ‘முடிஞ்சிருச்சு, பெட்ஷீட் போட்டாச்சு.’ அவ்வளவுதான். அல்லது அதே விலையில் தயாராக இருக்கும் 412-ஐ உங்களுக்கு மாற்றிக் கொடுப்பார். கைக்குழந்தையோடு வந்திருக்கிறீர்கள் என்றால் இன்னும் வேகமாகக் கொடுப்பார். மெஷினுக்கு இந்த அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் குழந்தை அழுவது அதற்குக் கேட்காது.

மெஷின் வந்த பல ஹோட்டல்களில் மிஞ்சியிருக்கும் ஊழியருக்கும் இந்த அதிகாரத்தை எடுத்துவிடுகிறார்கள். ‘சிஸ்டம்ல வரலை சார்’ என்று சொல்ல மட்டும் ஓர் ஆள் எதற்கு?

புக்கிங் எண் சரியாக இருந்தும் என் பெயரை மெஷின் ஏற்கவில்லை. ஏன்?

நம்மவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டு, முழுப் பெயரையும் இன்னொரு இடத்தில் போட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர். புக்கிங் தளமோ கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் தன் பெயரையே இரண்டு முறை போடுவார், ஒருவர் ஒற்றை எழுத்து இனிஷியலைப் போடுவார். பிறகு மெஷின் முன்னால் போய் நின்றால் ‘கடைசிப் பெயரைத் தட்டச்சு செய்யவும்’ என்று கேட்கும். அன்று என்ன போட்டோம் என்பது நினைவில் இருக்காது. சில மெஷின்கள் பாஸ்போர்ட்டையே ஸ்கேன் செய்து ஒப்பிடும். அப்போது இரண்டும் ஒத்துப்போகாமல் ‘ஊழியரை அணுகவும்’ என்று வரும். அணுக ஊழியர் இல்லாத இடத்தில்தான் சிக்கல்.

செய்ய வேண்டியது எளிது. உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பார்த்து, அதைப் படம் பிடித்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் அதே எழுத்துக்களை, அதே வரிசையில் அடியுங்கள். க்யூஆர் கோடு அனுப்பியிருந்தால் பெயரைத் தொடவே வேண்டாம், அதைக் காட்டுங்கள்.

கரண்ட் போனால், நெட் போனால், ஹேக் செய்துவிட்டால்?

கரண்ட் போனால் பயமில்லை. பெரும்பாலான ஹோட்டல் பூட்டுகள் கதவுக்குள்ளேயே இருக்கும் பேட்டரியில் ஓடுகின்றன. கார்டில் எந்த அறை, எந்தத் தேதி வரை என்பது எழுதப்பட்டிருக்கும், பூட்டு அதைப் படித்துத் திறக்கும். உள்ளே இருந்து கைப்பிடியைத் திருப்பினால் பேட்டரி செத்துப்போனாலும் திறக்கும். ஆக, மாட்டிக்கொள்வது பழைய விருந்தினர் இல்லை, புதிதாக வருகிறவர். அவருக்குக் கார்டு எழுதிக் கொடுக்கும் கணினிதான் படுத்துவிடுகிறது.

ஆஸ்திரியாவின் மலைப்பகுதியில் உள்ள யேகர்விர்ட் என்ற ஹோட்டலில் நடந்ததாக 2017 தொடக்கத்தில் செய்தி வந்ததும் இதுதான். கணினியை முடக்கியவர்கள் பணம் கேட்டார்கள், புதுக் கார்டு எழுத முடியவில்லை. சுமார் 1,500 யூரோவை பிட்காயினில் கொடுத்து மீண்டார்கள். விருந்தினர்கள் அறைக்குள் பூட்டப்பட்டார்கள் என்று உலகம் முழுக்க ஒரு செய்தி ஓடியது, அது தவறு.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் லாஸ் வேகாஸ். 2023 செப்டம்பரில் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் மீது நடந்த தாக்குதலில் போன் சாவிகள் வேலை செய்யவில்லை, செக்-இன் வரிசை மணிக்கணக்கில் நீண்டது, ஊழியர்கள் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்தார்கள். நஷ்டம் சுமார் 10 கோடி டாலர் என்று நிறுவனமே சொன்னது. தாக்கியவர்கள் நிறுவனத்தின் ஊழியர் மாதிரி நடித்து, தொழில்நுட்ப உதவி மையத்துக்குப் போன் போட்டுப் பேசி உள்ளே நுழைந்ததாகச் செய்திகள் வந்தன. அங்கே ஏமாந்தது ஒரு மனிதர், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அத்தனை கூட்டத்தையும் அறைக்குள் அனுப்பி வைத்தவர்களும் மனிதர்களே.

பூட்டிலும் ஓட்டை வரும். 2024 மார்ச்சில் டார்மகாபா நிறுவனத்தின் சாஃப்லாக் பூட்டுகளில் ஒரு குறையை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த ஹோட்டலின் காலாவதியான கார்டு ஒன்று கிடைத்தால் போதும், எந்த அறையையும் திறக்கும் போலிக் கார்டுகளைச் செய்துவிடலாம். 131 நாடுகளில் 30 லட்சம் கதவுகள். ராத்திரி படுக்கும் முன் கதவுச் சங்கிலியைப் போடுங்கள்.

மனிதரை விட மெஷின் மேல் என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. விமானம் தாமதமாகி நடுராத்திரி போய்ச் சேர்கிறவருக்கு, சிரித்துப் பேச ஆள் வேண்டாம், சாவி போதும். சிங்கப்பூரில் 2019 முதல் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் ஒப்பிட்டு, தங்க அனுமதி உண்டா என்று குடிநுழைவுத் துறையோடு சரிபார்க்கும் ஏற்பாடு ஹோட்டல்களுக்கு வந்தது. முன்பு ஊழியர் ஒவ்வொரு பாஸ்போர்ட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அதில் வரவேற்பும் இல்லை, உபசாரமும் இல்லை, வெறும் எழுத்தர் வேலை. அது ஒழிந்தது நல்லதுதான்.

அதைவிடப் பெரிய விஷயம், மெஷின் உங்களை மேலும் கீழும் பார்க்காது. தனியாக வரும் பெண்ணிடம் ‘கூட யாரும் வரலையாம்மா?’ என்று கேட்காது. ஆணும் பெண்ணுமாக வந்தால் தாலி தேடாது. நம் ஊரில் எத்தனை ரிசப்ஷன்களில் இந்தப் பார்வை உண்டு என்பது போனவர்களுக்குத் தெரியும். திருமணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று, கோவையில் சீல் வைக்கப்பட்ட ஒரு தங்குமிடம் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தெளிவாகவே சொன்னது. தீர்ப்பு வந்த பிறகும் ‘ஃபேமிலி மட்டும்’ என்ற பலகை பல இடங்களில் தொங்குகிறது. மனிதர் என்றாலே கனிவு என்று நினைப்பவர்கள் அந்தப் பலகையின் முன் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

ஹோட்டல் வேலையெல்லாம் போய்விடுமா?

ரிசப்ஷனில் குறையும், ஏற்கெனவே குறைகிறது. ஹவுஸ்கீப்பிங்கில் இப்போதைக்கு இல்லை. ஈரத் துண்டை எடுத்து, மெத்தையைத் தூக்கி விரிப்பைச் செருகி, குளியலறையில் முடி பொறுக்கி, மறந்துவிட்டுப் போன சார்ஜரை எடுத்து வைத்து அரை மணிக்குள் ஓர் அறையை முடிக்கிற மெஷின் வரவில்லை. ஒரு ஷிப்டில் 14, 15 அறைகள் செய்கிறவர்களுக்கு வேறு வகையில் மெஷின் வருகிறது. அடுத்து எந்த அறை என்பதைப் போனில் ஓர் ஆப் சொல்கிறது. அது சொல்கிறபடி தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு மாடி மாடியாக அலைய வேண்டியிருக்கிறது என்று அமெரிக்காவில் பணியாளர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

அங்கே சங்கங்கள் இதை மேஜைக்குக் கொண்டுவந்தன. 2018-ல் எட்டு நகரங்களில் மேரியட் ஹோட்டல்களின் ஊழியர்கள் 7,000-க்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியோடு தொழில்நுட்பமும் கோரிக்கையில் இருந்தது. அதே வருடம் லாஸ் வேகாஸின் ஹோட்டல் ஊழியர் சங்கமான கலினரி யூனியன், புதுத் தொழில்நுட்பம் கொண்டுவருமுன் 180 நாள் வரை முன்னறிவிப்பும் பயிற்சியும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தது. 2023-ல் இன்னும் ஒரு படி மேலே போய், மெஷினால் வேலை போனால் பணிபுரிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 2,000 டாலர் என்று வாங்கியது. நம் ஊரில் ஹோட்டல் ஊழியர்களில் பெரும்பாலோருக்குச் சங்கமும் இல்லை, எழுதிய ஒப்பந்தமும் இல்லை. இங்கே மெஷின் மெதுவாக வருவதற்கு ஒரே காரணம், ஆள் கூலி அதைவிட மலிவு என்பதுதான்.

முகத்தை ஸ்கேன் செய்யச் சொன்னால் செய்யலாமா?

வேறு வழி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஷாங்காயில் 2024-ல், அடையாள அட்டை வைத்திருக்கும் விருந்தினரை முகம் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஹோட்டல்களுக்கு உத்தரவே வந்தது. ஹோட்டல்கள் தகவலைப் பாதுகாப்பதில் கெட்டிக்காரர்கள் இல்லை: 2018-ல் வெளிவந்த மேரியட்-ஸ்டார்வுட் கசிவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்போர்ட் எண்கள் மறைகுறியாக்கம் (யாரும் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பது) கூட இல்லாமல் கிடந்தன. இந்தியாவில் ஆதார் கேட்டால், முதல் 8 இலக்கங்களை மறைத்த ஆதாரைக் கொடுங்கள்.

சின்ன லாட்ஜ் வைத்திருக்கிறேன். மெஷின் போடலாமா?

உங்களிடம் யார் தங்குகிறார்கள் என்று பாருங்கள். கம்பெனி வேலையாக வந்து ஒரு ராத்திரி தங்கிப் போகிறவர்கள் என்றால் போடலாம். முகூர்த்த நாளில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் இடம் என்றால் கஷ்டம். 20 அறையும் ஒரே பெயரில் இருக்கும். யார் எந்த அறை என்பது பெரியப்பா சட்டைப்பையில் இருக்கும் காகிதத்தில் இருக்கும், அது அத்தை சொல்லி மூன்று முறை மாறும். எக்ஸ்ட்ரா மெத்தை, விடிகாலை நாலு மணிக்கு வெந்நீர், பூக்காரர் வந்தால் எங்கே அனுப்புவது… இதற்கு எந்தத் திரையிலும் பட்டன் கிடையாது.

மெஷின் வாங்குவதற்கு முன், விருந்தினர் வருமுன்பே வாட்ஸ்அப்பில் அடையாள அட்டையும் வரும் நேரமும் வாங்கிப் பாருங்கள். பாதி வரிசை அதிலேயே குறையும். மலேசியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்கள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய படிவத்தை நிரப்பி அரசுக்கு அனுப்ப வேண்டியது உங்கள் பொறுப்பு. மெஷின் நிரப்பியது, மெஷின் விட்டுவிட்டது என்ற பதில் செல்லாது. ராத்திரி ஷிப்ட் ஆளை மட்டும் கடைசி வரை எடுக்காதீர்கள்.

அப்பாவும் அம்மாவும் தனியாகப் போகிறார்கள். ஆள் இல்லாத ஹோட்டலில் போடலாமா?

புக் செய்யும் முன் அந்த ஹோட்டலுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு போன் போடுங்கள். யாராவது எடுத்து, உங்களுக்குப் புரிகிற மொழியில், ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொன்னால் போடுங்கள். எண்களை அழுத்தச் சொல்லிச் சுற்ற வைத்தால் வேறு இடம் பாருங்கள்.

ரோபோ டவல் கொண்டு வந்தால் டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். ஆனால் அந்த டவலைத் துவைத்து மடித்து ரோபோவின் பெட்டியில் வைத்தவர் ஒருவர் உண்டு. ரிசப்ஷன் இல்லாத ஹோட்டல்களில் அவரைப் பார்க்கவே முடியாது. கிளம்பும்போது அறையில் பணத்தை ஒரு துண்டுச் சீட்டோடு வையுங்கள், இது உங்களுக்கு என்று அதில் எழுதுங்கள். வெறும் நோட்டாக வைத்தால், மறந்துவிட்டுப் போன பொருள் என்று எடுத்து ஆபீஸில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஜப்பானில் மட்டும் இதுவும் வேண்டாம், டிப்ஸ் அங்கே வழக்கமில்லை.